சட்டத்துக்கு அடியில்

எங்கள் சபைச் சுவரில் உலகப்படம் ஒன்று தொங்குகிறது.
ஊழியத்துக்குப் போனவர்கள் பெயரில்
சிவப்புத் தலைக் குண்டூசிகள்.
அங்கோலாவில் இரண்டு, மங்கோலியாவில் ஒன்று.
பாப்புவாவில் குத்தியது துருப்பிடித்துவிட்டது,
ஆள் திரும்பி வந்து கார் விற்கிறார்.
புந்தா அரேனாஸ் அதில் இல்லை.
கீழ்ச் சட்டத்தின் மரம்
சரியாக எங்கள் ஊரின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

நான் பொருளாளர். ஒவ்வொரு மார்ச்சிலும்
சாந்தியாகோவிலிருந்து படிவம் வரும்:
சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள்,
ஞானஸ்நானம் பெற்றோர், விளைவு.
எர்சிலியா ஓயார்சோவின் வரிசையில் மட்டும்
பதினொரு வருடமாய்ச் சிறு கோடு போட்டு வந்தேன்.

அவளும் ஒருகாலத்தில் குண்டூசி கேட்டவள்தான்.
மொசாம்பிக் என்று எழுதிக் கொடுத்தாள்,
போர்த்துக்கீசியம் படித்தாள்,
தடுப்பூசிகூடப் போட்டுக்கொண்டாள்.
பிறகு என்னவோ ஆயிற்று. நான் கேட்கவில்லை.
இப்போது நண்டு ஆலையில் ஓடு உடைக்கிறாள்.
உப்புநீரில் வெடித்த விரல்களுக்கு
ஆட்டுக்கொழுப்பு தடவி
ஞாயிற்றுக்கிழமை கையுறையோடு பாடுகிறாள்.

இந்த வருடம் கோடு போடக் கை வரவில்லை.
"என்னதான் செய்யறே? எழுதணும்" என்றேன்.
"செவ்வாய்க்கிழமை வாங்க, பிரதர்."

அன்று நல்ல காற்று.
நகராட்சி கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்து
ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.
அவள் முன்னே,
ஒரு கையில் கயிறு, மறு கையில் சூப்புத் தூக்கு.
எதிரே ஒரு ஹைத்திப் பெண், இடுப்பில் குழந்தை.
கயிறு முடிந்து அடுத்த கயிறு தொடங்கும் இடத்தில்
தூக்கை என்னிடம் தந்துவிட்டு
குழந்தையை வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?

மூன்றாம் மாடி. யூரே மிஹோவிலோவிச்.
இழுவைப்படகில் எஞ்சின் பார்த்தவர்.
மனைவியைப் புதைத்த அன்று
போதகர் ஒருவர் சொன்ன ஆறுதலை
இன்னும் மன்னிக்கவில்லை.
கதவை ஒரு சாண் திறந்து
"உன் ஆண்டவரை வெளியிலயே நிறுத்திட்டு வா" என்றார்.
"நிறுத்தியாச்சு. குளிர் உள்ள வருது, கதவைச் சாத்துங்க."
வாரந்தோறும் நடப்பது போலிருந்தது.
இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

குனிய முடியாத மனிதர்.
அவள் தரையில் உட்கார்ந்து
அவர் பாதத்தை மடியில் ஏற்றி நகம் வெட்டினாள்.
மஞ்சளேறி, தடித்து,
கிடாக்கொம்பு போல் சுருண்ட நகம்.
ஒரு துண்டு தெறித்து அடுப்புக்கடியில் போயிற்று.
முழங்காலிட்டுத் தேடினாள்.

என் கோட்டுப் பையில் நாலு கைப்பிரதிகள் இருந்தன.
எடுக்க நினைத்தேன்.
எங்கே வைப்பது?
அவர் மடியில் துவாலை இருந்தது.
"நீ எதுக்கு வந்தே?" என்றார் என்னைப் பார்த்து.
"கணக்கு எழுத" என்றேன்.
உண்மைதானே.

சூப்பை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.
"உப்பு பத்தல."
"வியாழக்கிழமை பார்த்துப் போடறேன்" என்றாள்,
வெடித்த விரல்களால் அவர் காலுறையை
இழுத்து மாட்டியபடி.

திரும்பும் வழியில் மொசாம்பிக்கைப் பற்றிக் கேட்டேன்,
பதினொரு வருடம் கழித்து.
காற்று வாயை அடைத்தது.
அங்கே வெயில் ஜாஸ்தி என்றாளோ
வேறேதும் சொன்னாளோ.
கயிறு மட்டும் இரண்டு கைகளுக்கிடையில்
அதிர்ந்துகொண்டே வந்தது.

இரவு படிவத்தை விரித்தேன்.
வீடு, ஒன்று.
கைப்பிரதி, இல்லை.
ஞானஸ்நானம், இல்லை.
விளைவு என்ற கட்டத்தில்
பேனா நெடுநேரம் நின்றது.
பிறகு கிழவர் சொன்னதையே எழுதினேன்:
உப்பு பத்தல.

சாந்தியாகோவிலிருந்து யாராவது
போன் போட்டு விளக்கம் கேட்கலாம்.
வியாழக்கிழமை போகட்டும்,
அப்புறம் சொல்கிறேன்.